பொறிக்குள் புகும் கடல்

படகின் பின்பலகையில் பூட்டப்படும் வெளிப்பொருத்துப் பொறி, தன்னைக் குளிர்விக்கும் நீரைத் தான் ஓடும் கடலிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. சாலையில் ஓடும் ஊர்திக்கு மூடிய குளிர்கலம் உண்டு. அதனுள் சுழலும் நீர் வெளியுலகைக் காண்பதில்லை. சிறு படகின் பொறிக்கு அத்தகைய காப்பு இல்லை. உப்பும் மணலும் கலந்த நீர் கீழ்ப்பகுதியின் துளைகள் வழியே நுழைந்து, எரியும் உருளையைச் சுற்றி ஓடி, புகையோடு கலந்து மீண்டும் கடலைச் சேர்கிறது. உருளைக்குள் எரியும் வளிமம் 2,000 பாகை செல்சியசை எட்டுகிறது; சுவருக்கு மறுபுறம் ஓடுவதோ கடல்நீர். இவ்விரண்டையும் பிரித்து நிற்பவை சில மில்லிமீட்டர் அலுமினியமும், அதனினும் மெல்லிய ஓர் அடைப்பிதழுமே. கடற்கரைப் பணிமனைகளில் கேஸ்கட் என்று வழங்குவது இவ்வடைப்பிதழையே.

இத்தகைய அமைப்பில் நீர் புகுவது வியப்பன்று. அதை எதிர்கொள்ளும் முறையில்தான் பொறியின் வாழ்வும் அதை நம்பிய குடும்பத்தின் வருவாயும் அடங்கியிருக்கின்றன. எஞ்சினில் தண்ணீர் ஏறிவிட்டது என்றவுடன் திருகாணிகளைக் கழற்றத் தொடங்குவது பெருவழக்கு. உள்ளே இருந்த நீர் வெளியேறும், பொறியும் ஓடும், சில நாளில் அதே நோய் திரும்பும். நீரை வெளியேற்றுவது முதலுதவி. நீர் வந்த வழியை அறிந்து அடைப்பதே பழுதுநீக்கம். அவ்வழிகள் எண்ணத்தக்கவை, ஒவ்வொன்றும் தனக்கே உரிய தடயத்தை விட்டுச் செல்கிறது. அத்தடயங்களைப் படிக்கும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குமரிக் கரையின் பொறி

நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஓலே எவின்ரூட் 1909இல் மில்வாக்கி நகரில் ஒன்றரைக் குதிரைத்திறன் கொண்ட வெளிப்பொருத்துப் பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். மேலே பொறி, நடுவே நெட்டுத்தண்டு, கீழே நீருக்குள் பல்லிணைப் பெட்டியும் உந்துவிசிறியும் என்னும் அதன் அடிப்படை வடிவம் இன்றும் மாறவில்லை.

குமரி மாவட்டக் கடற்கரையில் இவ்வடிவம் கடுமையான தேர்வுக்கு உள்ளாகிறது. சின்னமுட்டம், முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் ஆகிய இடங்களில் துறைமுகங்கள் இருப்பினும், பல ஊர்களில் வள்ளங்களும் கண்ணாடியிழைப் படகுகளும் திறந்த மணற்கரையிலிருந்தே கடலில் இறக்கப்படுகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் அலை உயர்ந்து கரையில் உடைகிறது. மணல் கலங்கிய அந்த ஆழமற்ற நீரில்தான் பொறி முதலில் உயிர்பெற வேண்டும். திரும்பி வருகையிலும் அதே நீரில்தான் நிற்க வேண்டும். கரை சேர்ந்த பின் சிறிய பொறிகளைக் கழற்றித் தோளில் சுமந்து செல்வதும் வழக்கம். பெட்ரோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாறி ஓடும், டூ ஸ்ட்ரோக் எனப்படும் ஈரடிப் பொறிகள் இங்கே நெடுங்காலமாகப் புழங்குகின்றன. இச்சூழல் ஒவ்வொன்றும் நீருக்கு ஒரு வாயிலைத் திறந்துவைக்கிறது.

சிறிதளவு நீர் ஏன் பெருங்கேடு?

பிஸ்டன் எனப்படும் ஆடுதண்டு, உருளைக்குள் வளிமத்தை நெருக்குவதற்காக அமைந்தது. வளிமம் நெருங்கும், நீர் நெருங்காது. நூறு வளிமண்டல அழுத்தத்திலும் நீரின் பருமன் அரை விழுக்காட்டளவுகூடக் குறைவதில்லை. 250 கனசென்டிமீட்டர் கொள்ளளவும் 7 மடங்கு நெருக்கமும் கொண்ட ஓர் உருளையைக் கருதுவோம். ஆடுதண்டு உச்சியை அடையும்போது அதன் தலைக்கு மேல் எஞ்சும் இடம் 250ஐ 6ஆல் வகுத்துக் கிடைக்கும் ஏறத்தாழ 42 கனசென்டிமீட்டரே. மூடிய உருளையில் அதற்கு மேல் நீர் தங்கினால், அதாவது மூன்று மேசைக்கரண்டி அளவு தங்கினால், ஆடுதண்டு உச்சியை அடைய இயலாது. கயிற்றை இழுத்துத் தொடங்கும் வேளையாயின் கயிறு சட்டென்று நின்றுவிடும்; பெரும்பாலும் சேதம் இராது. முழு விரைவில் ஓடும் வேளையாயின் சுழலும் தண்டின் ஆற்றல் முழுவதும் இணைப்புத்தண்டின் மேல் பாய்ந்து அதை வளைத்துவிடும். கயிறு கல்லில் மோதியது போல் நின்றால் வலிமையைக் கூட்டி இழுக்கலாகாது என்னும் விதியின் அடிப்படை இதுவே.

சிறிதளவு நீர் தீயையும் அணைக்கிறது. ஒரு கிலோகிராம் கொதிநீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,260 கிலோசூல் வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தை நீர் எரிதலிலிருந்து பறித்துக்கொள்கிறது. ஆவியான நீர் தன் பருமனைப் போல் ஏறத்தாழ 1,600 மடங்கு விரிந்து உருளைக்குள் காற்றுக்கு உரிய இடத்தையும் கவர்கிறது. பொறி திணறுவதும், திறன் குன்றுவதும், ஓர் உருளை செயலற்று நிற்பதும் இதனால் நிகழ்கின்றன.

மூன்றாம் கேடு மெல்ல நிகழ்வது. ஈரடிப் பொறியில் கிராங்க் எனப்படும் வணரித் தண்டும் அதன் உருள்தாங்கிகளும் தனி எண்ணெய்க் குளத்தில் நனைவதில்லை. எரிபொருளோடு கலந்துவரும் சிறிதளவு எண்ணெயே அவற்றுக்கு உயவு. நீர் அந்த மெல்லிய படலத்தைக் கழுவிவிட்டால் எஃகு வெற்றுடலாகிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புக் கொண்ட கடல்நீர் ஓர் இரவு தங்கினாலே தாங்கியின் பளபளப்பான பரப்பில் துருப்புள்ளிகள் தோன்றும். பின்னர் எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் அப்பள்ளங்கள் நிரம்புவதில்லை.

முதற்கேள்வி: உப்பா, நன்னீரா?

பொறியின் எப்பகுதியில் நீர் கிடைத்தாலும் அதில் ஒரு துளியைத் தூய கண்ணாடித் தகட்டில் இட்டு வெயிலில் உலர விட வேண்டும். எரிபொருள் நெடி இருக்கும் இடத்தில் தீயை அண்டவிடலாகாது. உலர்ந்தபின் வெண்மையான உப்புப் படிவு எஞ்சினால் அது கடல்நீர். ஒன்றும் எஞ்சாவிடில் அது மழைநீர், அல்லது காற்றிலிருந்தோ புகையிலிருந்தோ படிந்த நீர். பள்ளி ஆய்வகத்தை அணுக இயன்றால் அத்துளியில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலைச் சேர்த்துப் பார்க்கலாம். கடல்நீராயின் உடனே வெண்மையாகத் திரியும்.

இந்த எளிய சோதனை தேடலைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது. நன்னீர் என்றால் எரிபொருளையும் சேமிப்பு முறையையும் நோக்க வேண்டும். உப்புநீர் என்றால் குளிர்வழி, புகைவழி, கடலலை ஆகியவற்றை முதலில் ஐயுற வேண்டும்.

பொறி தானே நீரை உண்டாக்குகிறது என்பதையும் இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். பெட்ரோலின் ஒரு கூறாகிய ஆக்டேன் 114 கிராம் எரிந்தால் 162 கிராம் நீர் பிறக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிகையில் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது என்று கொள்ளலாம். ஆதலால் குளிர்ந்த பொறி தொடங்கும்போது புகையில் நீராவி தோன்றுவது நோயன்று. ஃபோர் ஸ்ட்ரோக் எனப்படும் நாலடிப் பொறியில் இந்நீரின் ஒரு பகுதி ஆடுதண்டின் வளையங்களைக் கடந்து எண்ணெய்க் கலத்தில் சேர்கிறது. பொறி தன் இயல்பான சூட்டில் ஓடினால் அது ஆவியாகி வெளியேறும். வெப்பநிலைச் சீராக்கி திறந்தபடியே சிக்கிக்கொண்டாலோ, ஒவ்வொரு நாளும் சிறு தொலைவே ஓடினாலோ பொறி சூடேறாது. நீர் எண்ணெயிலேயே தங்கி அதைப் பால்போல் வெளுக்கச் செய்யும். சீராக்கியை மாற்றி எண்ணெயையும் புதுப்பித்து நன்கு சூடேற ஓட்டிய பின்னும் வெண்மை திரும்பினால்தான் கசிவைத் தேட வேண்டும்.

எரிபொருள் வழி

மண்ணெண்ணெயின் அடர்த்தி நீரின் அடர்த்தியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. பெட்ரோலின் அடர்த்தி அதனினும் குறைவு. இரண்டிலும் நீர் அடியில் தங்கும். பீப்பாயின் அடியில் கிடக்கும் நீர் குடுவைக்கும், குடுவையிலிருந்து படகின் கலத்துக்கும் இடம்பெயர்கிறது. கலத்தின் மூடியில் உள்ள காற்றுத்துளை வழியே மழையும் அலைத்திவலையும் இறங்குகின்றன.

இவ்வழியின் தடயம் காலத்தில் தெரியும். அமைதியான நீரில் பொறி சீராக ஓடும். ஆழ்கடலில் படகு உருளத் தொடங்கியதும் திணறும். அடியில் கிடந்த நீர் உருண்டு உறிஞ்சுகுழாயின் வாயை எட்டுவதே காரணம். எல்லா உருளைகளும் ஒருங்கே பாதிக்கப்படும். வடிகட்டியிலும் கார்புரேட்டரின் கிண்ணத்திலும் உள்ளதை ஒரு கண்ணாடிப் புட்டியில் வடித்துச் சிறிது நேரம் அசையாமல் வைத்தால் இரண்டு அடுக்குகள் பிரிந்து நிற்கும். தூய எரிபொருள் நிறைந்த வேறொரு சிறு கலத்தை இணைத்து ஓட்டினால் நோய் மறைந்துவிடுவது இறுதிச் சான்று.

பெட்ரோலில் எத்தனால் கலந்த பின் இச்சோதனையில் ஒரு நுட்பம் சேர்ந்துள்ளது. இந்தியாவில் 20 விழுக்காட்டு எத்தனால் கலப்பு 2025இல் எட்டப்பட்டது. எத்தனால் நீரை ஈர்த்துத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். ஆகவே ஓரளவு வரை நீர் கண்ணுக்குத் தெரியாது. அவ்வளவைக் கடந்ததும் எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்குகின்றன. ஈரடிப் பொறிக்குக் கலந்த எண்ணெய் அந்த அடியடுக்கில் கரைவதில்லை. உறிஞ்சுகுழாய் அதை இழுத்தால் பொறிக்கு எரிபொருளும் குறைகிறது, உயவும் குறைகிறது. பிரிந்த பெட்ரோலைக் குலுக்கி மீண்டும் பயன்படுத்துதல் தகாது. பல வாரங்கள் தேக்கி வைத்த பெட்ரோலை நம்பிக் கடலேறுவதும் தகாது.

புகை வழி

பொறியின் புகை நெட்டுத்தண்டின் உறை வழியே இறங்கி, பெரும்பாலான பொறிகளில் உந்துவிசிறியின் நடுத்துளை ஊடாக நீருக்கடியில் வெளியேறுகிறது. ஓடும்போது புகையின் அழுத்தம் நீரைத் தள்ளி நிறுத்தும். அலை பின்னிருந்து ஏறும் வேளையில் பொறி திடீரென்று நின்றால் அத்தடை நீங்கி, நீர் அவ்வழியே மேலேறும். ஈரடிப் பொறியின் உருளைச் சுவரில் புகைத்துளை எப்போதும் கதவின்றி அமைந்தது. ஆடுதண்டு அதை மறைக்காத வேளையில் உள்ளே செல்லத் தடை ஏதுமில்லை.

சுமந்து செல்லும்போதும் இதே கேடு நேர்கிறது. கழற்றிய பொறியின் கீழ்ப்பகுதியில் குளிர்நீர் எஞ்சியிருக்கும். பொறித்தலை தாழ்ந்தும் உந்துவிசிறி உயர்ந்தும் இருக்கும்படி தோளில் வைத்தாலோ மணலில் கிடத்தினாலோ அந்நீர் புகைவழியாக உருளைக்குள் வழிந்துவிடும். ஆகவே கழற்றிய பொறியை முதலில் நேராக நிறுத்தி நீர் முற்றும் வடிய விட வேண்டும். பின்னர் எந்நிலையிலும் பொறித்தலை உந்துவிசிறியைவிட உயர்ந்தே இருக்க வேண்டும். செலவே இல்லாத இவ்வொரு பழக்கம் பல பொறிகளின் ஆயுளைக் காக்கும்.

புகைவழி நீரின் தடயம் அது ஒரு நிகழ்ச்சியைத் தொடர்ந்து வருவதே. அலை ஏறியது, பொறி நின்றது, அல்லது பொறி தவறாகக் கிடத்தப்பட்டது. நீரை வெளியேற்றி உலர்த்தி ஓட்டிய பின் அது மீண்டும் தோன்றாது. மீண்டும் மீண்டும் தோன்றினால் அடுத்த வழியை நோக்க வேண்டும்.

அடைப்பிதழ் வழி

உருளைத் தலைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள அடைப்பிதழ் சிதைந்தால் குளிர்நீர் நேரே உருளைக்குள் கசியும். பிளக் எனப்படும் தீப்பொறிச் செருகிகளைக் கழற்றி வரிசை மாறாமல் அடுக்கிப் பார்த்தால் இது வெளிப்படும். ஒன்று மட்டும், அல்லது அடுத்தடுத்த இரண்டு மட்டும் நீர்த்துளிகளோடும் துருக்கறையோடும் இருக்கும். செருகித் துளை வழியே விளக்கொளியில் நோக்கினால் மற்ற ஆடுதண்டுகளின் தலையில் கரி படிந்திருக்க, அவ்வுருளையின் ஆடுதண்டு மட்டும் கழுவியது போல் பளபளக்கும். நீராவி கரியை உரித்துவிட்டது என்பது பொருள்.

அடுத்து அழுத்தமானியால் ஒவ்வோர் உருளையின் நெருக்க அழுத்தத்தையும் அளக்க வேண்டும். அளவுகள் தம்முள் பத்தில் ஒரு பங்குக்குள் ஒத்திருப்பது நலம். அண்டையிலுள்ள இரண்டும் ஒருங்கே தாழ்ந்திருந்தால் அவற்றின் நடுவே அடைப்பிதழ் எரிந்திருக்கக் கூடும். ஆடுதண்டை உச்சியில் நிறுத்தி உருளைக்குள் காற்றைச் செலுத்தினால், கசிவு இருக்கும் பொறியில் குளிர்வழியில் காற்று சீறும். அங்கே நீர் இருப்பின் குமிழி எழும். அடைப்பிதழ் நலமாக இருந்தும் நீர் வந்தால், புகை மூடியின் உள்ளடைப்பையும் உருளைச் சுவரில் அரிப்புத் துளையையும் தேட வேண்டும். கீழ் உருளை மட்டும் நனைந்தால் வணரித் தண்டின் அடிப்பகுதியில் நீரைத் தடுக்கும் சீல் வளையத்தையும் ஐயுற வேண்டும்.

அடைப்பிதழை மாற்றுவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அது ஏன் சிதைந்தது என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் விடை நீர்ப்பம்பில் இருக்கிறது. கீழ்ப்பகுதியில் ரப்பர் இதழ்ச் சக்கரம் ஒன்று சுழன்று கடல்நீரை மேலே ஏற்றுகிறது. கரையோரத்தில் கலங்கிய மணல் அவ்விதழ்களையும் பம்பின் உட்சுவரையும் தேய்க்கிறது. நீரோட்டம் மெலிகிறது, உருளைத் தலை அளவுக்கு மீறிச் சூடாகி வளைகிறது, வளைந்த தலைக்கும் உடலுக்கும் இடையில் அடைப்பிதழ் தன் பிடியை இழக்கிறது. போதிய நீர் வராமையே பின்னர் வேண்டாத நீர் புகக் காரணமாகிறது. இச்சங்கிலியின் முதற்கண்ணியை மாற்றாமல் கடைக்கண்ணியை மட்டும் மாற்றினால் புதிய அடைப்பிதழும் விரைவில் எரியும். பொறியின் பின்புறத் துளையிலிருந்து பீய்ச்சும் மெல்லிய நீர்த்தாரை நீரோட்டத்துக்குக் கண்கண்ட சான்று. ஓடும்போதெல்லாம் அதை நோக்குவதும், அது மெலியும்போதே இதழ்ச் சக்கரத்தை மாற்றுவதும் அடைப்பிதழைக் காக்கும் வழிகள்.

பல்லிணைப் பெட்டி

கீழேயுள்ள பல்லிணைப் பெட்டி உருளையோடு தொடர்பற்ற தனி அறை. அதில் நீர் புகுந்தால் பொறி திணறாது; நோய் ஓசையின்றி வளர்ந்து ஒருநாள் பற்சக்கரங்களை அழிக்கும். பொறி ஓர் இரவு நேராக நின்றபின் அடித்திருகாணியைச் சிறிதே தளர்த்தினால், நீர் இருப்பின் எண்ணெய்க்கு முன் அதுவே சொட்டும். எண்ணெய் வெளுத்திருந்தால் புட்டியில் ஊற்றி வைத்துப் பார்க்க வேண்டும். காற்றுக் குமிழியால் வந்த வெண்மை சிறிது நேரத்தில் தெளியும். நீரால் வந்தது கலங்கியே நிற்கும்.

வலையிலிருந்து அறுந்த நைலான் நரம்பு உந்துவிசிறியின் தண்டில் சுற்றிச் சீலின் விளிம்பை அறுப்பது மீன்பிடிப் படகுகளில் பெருங்காரணம். ஓடிச் சூடான பெட்டி குளிர்ந்த நீரில் நிற்கும்போது உள்ளேயுள்ள காற்று சுருங்குகிறது. தேய்ந்த சீலின் ஊடாக வெளிநீரை அதுவே இழுத்துக்கொள்கிறது. உந்துவிசிறியை அவ்வப்போது கழற்றி நரம்பை நீக்குவதும், எண்ணெய் மாற்றும்போதெல்லாம் திருகாணிகளின் வளையங்களைப் புதுப்பிப்பதும் போதிய காப்பாகும்.

மூழ்கிய பொறி

படகு கவிழ்ந்து பொறி முழுதும் மூழ்கினால் காலமே முதற்பகை. கடல்நீரில் கரைந்துள்ள உயிர்வளி லிட்டருக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம். காற்றிலோ ஏறத்தாழ 270 மில்லிகிராம். உப்புநீரில் நனைந்த இரும்பு காற்றைக் கண்ட பின்னரே பெருவிரைவில் துருப்பிடிக்கிறது. ஆகவே எடுத்த பொறியை வெயிலில் காயவைப்பது அதற்குச் செய்யும் பெருந்தீங்கு. உடனே பணியைத் தொடங்க இயலாவிடில் நன்னீர்த் தொட்டியில் முழுதும் அமிழ்த்தி வைப்பது மேல்.

பணியைத் தொடங்கும்போது மூடியைக் கழற்றி உள்ளும் புறமும் நன்னீரால் கழுவ வேண்டும். மின்கலத்தின் இணைப்பைத் துண்டித்து, தீப்பொறி பாயாதவாறு நிறுத்துவிசையை இயக்கிய பின்னரே செருகிகளைக் கழற்றி, துளைகள் கீழ்நோக்கும்படி சாய்த்து, கனச்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றி நீரை வடிக்க வேண்டும். சுழற்சியில் உராய்வோ தடையோ தெரிந்தால் மணல் புகுந்திருக்கலாம். ஓடும்போதே மூழ்கிய பொறியாயின் இணைப்புத்தண்டு வளைந்திருக்கலாம். அப்போது மேலும் சுழற்றாமல் பிரித்துப் பார்ப்பதே அறிவுடைமை. தடையில்லையேல் கார்புரேட்டரையும் எரிபொருள் குழாய்களையும் தூய்மை செய்து, உருளைக்குள்ளும் வணரி அறைக்குள்ளும் எண்ணெயிட்டு, புதிய எரிபொருளால் தொடக்கி, நன்கு சூடேறும்வரை ஓட்ட வேண்டும். நாலடிப் பொறியில் எண்ணெயை அதற்கு முன்பே மாற்றுதல் இன்றியமையாதது. இவை அனைத்தும் சில மணி நேரத்துக்குள் முடிந்தால் பொறி பிழைக்கும்.

அறிவும் பொதுவுடைமையாக

மேற்கூறிய சோதனைகளின் வரிசைக்கு ஒரு நியாயம் உண்டு. உலரவைத்த துளி, கண்ணாடிப் புட்டி, மாற்று எரிபொருள் கலம், வரிசையாக அடுக்கிய செருகிகள் ஆகிய நான்கும் ஏறத்தாழச் செலவற்றவை, கடற்கரையிலேயே செய்யத்தக்கவை. அழுத்தமானி அடுத்த படி. உருளைத் தலையைத் திறப்பது கடைசிப் படி. எளியதிலிருந்து அரியதற்குச் செல்லும் இம்முறை, ஒவ்வொரு படியிலும் ஓர் ஐயத்தை நீக்கி அடுத்ததைக் குறுக்குகிறது. ஆய்வகத்தில் அறிவியலாளர் பின்பற்றும் நெறியும் இதுவே.

1980இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு போன்ற அமைப்புகள் வெளிப்பொருத்துப் பொறிகளை வழங்குவதோடு பழுது பார்ப்பதையும் தம் பணியாகக் கொண்டன. பழுது பார்க்கும் திறன் கரையிலேயே வளர வேண்டும் என்னும் அந்நோக்கு சரியானது. அதை இன்னும் ஒரு படி உயர்த்தி, பொறியின் உட்கூறும் நோயறியும் முறையும் கடற்கரைப் பள்ளிகளின் அறிவியல் வகுப்பிலேயே இடம்பெற வேண்டும். அடர்த்தி, ஆவியாதல், துருப்பிடித்தல், நீரின் நெருங்காமை ஆகிய பாடங்கள் அனைத்துக்கும் அங்குள்ள மாணவரின் வீட்டு வாயிலிலேயே சான்று நிற்கிறது. பாடநூலின் விதியைத் தந்தையின் பொறியில் சோதித்தறியும் பிள்ளை, அறிவியலையும் கற்கும். குடும்பத்தின் முதலையும் காக்கும்.